வேலையால் வந்து முக்கால் மணித்தியாலத்தில் இராச்சாப்பாடு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். இரண்டு பேருக்கும் யாழ்ப்பாண நகரத்தில் வேலை. வீட்டுக்கு வர ஐந்தே முக்கால் ஆகிறது, பெரியவளின் ரியூசன் ஆறரைக்கு முடிகிறது, சின்னவன் எட்டு மணிக்குக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுகிறான். உதவிக்கு மாமியோ அம்மாவோ பக்கத்தில் இல்லை. அதனால் கிழமையில் நான்கு நாள் கடை இடியப்பம் அல்லது கொத்து ரொட்டி. “அரை மணித்தியாலத்தில் செய்யக்கூடிய பத்துச் சமையல் சொல்லுங்கோ அக்கா” என்று கேட்டிருந்தீர்கள்.

பத்துச் சமையல் நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்கே இருபது தெரியும். புட்டு, சொதி, பருப்பு, ரொட்டி, முட்டைப் பொரியல் எல்லாம் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வளர்ந்திருக்க மாட்டாள் (ஆண் வளரலாம், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்). இருபது வருடத்துக்கு மேல் மனைப்பொருளியல் படிப்பித்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான், அந்த ஏழு மணிப் பதற்றம் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சமைத்துப் பாருங்கள். மைசூர்ப் பருப்பு ஊறப் போடாமலே கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். சொதிக்குப் பத்து நிமிடம் காணும். மீன் துண்டு ஏழெட்டு நிமிடம், புட்டு அவிய பத்து நிமிடம். இவ்வளவுதான் அடுப்பில் நடப்பது, அதுவும் இரண்டு அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். மிச்ச நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், தேங்காய் உடைத்துத் திருவிப் பால் பிழிய ஒரு கால் மணி, சின்ன வெங்காயம் உரிக்க இன்னொரு கால் மணி, உறைய வைத்த மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு அது எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டு நிற்க அரை மணி, பிறகு “இன்றைக்கு என்ன செய்யலாம்” என்று பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க ஒரு பத்து நிமிடம். சமையல் கெதியாகத்தான் இருக்கிறது, அதற்கு முந்தின வேலைதான் ஆளைக் கொல்லுகிறது.

எங்கள் அம்மாமார் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் இங்கே மின்சாரம் இல்லை. பிரிட்ஜ், கிரைண்டர் எதுவும் ஓடாது, ஜாம் போத்தல் விளக்குக்கு விடுகிற மண்ணெண்ணெய்கூட அளவாகத்தான். பொழுதுபடுவதற்குள் குசினி வேலை முடிய வேண்டும். அப்படியிருந்தும் நாங்கள் இராவில் பட்டினி கிடக்கவில்லை. காரணம், நேரம் எடுக்கிற வேலையெல்லாம் வேறொரு நாளில் வெயிலோடு முடிந்திருக்கும். மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூள் போத்தலில், வறுத்த அரிசிமா பேணியில், மோர் மிளகாயும் வடகமும் கருவாடும் மேல் தட்டில். பின்னேரம் செய்வது கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும்தான். இப்போது நாங்கள் மாவைப் பைக்கற்றில் வாங்குகிறோம், தூளையும் வாங்குகிறோம், ஆனால் தேங்காயும் வெங்காயமும் அன்றைக்கன்றைக்கு என்று வைத்திருக்கிறோம், அங்கேதான் பிடிபட்டுப் போகிறோம்.

நானும் தொடக்கத்தில் பிழையாகத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று ஐந்து கறி வைத்து, பெட்டிகளில் போட்டு நாள் எழுதி அடுக்கினேன், பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. திங்கள் எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிட்டார்கள். புதன்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறியைத் திரும்பச் சூடாக்கினபோது பால் திரைந்து, கறி கறுத்து, பிள்ளைகள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வியாழன் முழுநாளும் கரண்ட் இல்லை, மிச்சம் இரண்டு பெட்டியும் நாய்க்குப் போனது. அதோடு முடிவு செய்தேன், முடிந்த கறியைச் சேமிப்பதில்லை, பாதி முடிந்த சாமானைத்தான் சேமிப்பது. தேங்காய்ப்பால் விட்ட கறி எங்கள் சமையலில் அன்றன்றைக்கே நல்லாயிருக்கும், அதை மாற்ற முடியாது.

சரி, ஞாயிறு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் தேங்காய். நான்கைந்து தேங்காயை ஒரேயடியாக உடைத்துத் திருவி, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவு அளவாகச் சின்னப் பைகளில் போட்டு, தட்டையாக அமத்தி, உறைநிலைத் தட்டில் வைத்துவிடுங்கள். தட்டையாக வைப்பது முக்கியம், உருண்டையாக வைத்தால் கல்லாகிவிடும், தட்டையானது இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டவுடன் பிரிந்துவிடும். அதை அப்படியே கிரைண்டரில் போட்டு ஒரு சுற்று விட்டுப் பிழிந்தால் முதற்பால், இன்னொரு தரம் தண்ணீர் விட்டால் இரண்டாம் பால், ஐந்து நிமிட வேலை. சம்பலுக்கும் இது பழுதில்லை. பைக்கற்றில் வருகிற தேங்காய்ப்பால் மா சொதிக்குப் பரவாயில்லை, அவசரத்துக்கு நானும் பாவிப்பேன், ஆனால் அடுப்பை அணைக்கிற நேரத்தில்தான் கரைத்து விட வேண்டும். இப்போது தேங்காய் விற்கிற விலைக்கு உறைய வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, பாதி மூடி பிரிட்ஜில் கிடந்து வழுவழுத்துப் போவதில்லை.

அடுத்தது வெங்காயம். எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயத்தின் ருசிக்கு ஈடில்லை, உரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் கையோடு வரும், கண்ணும் அவ்வளவு எரியாது. அரைக் கிலோவை உரித்து, ஈரம் துடைத்து, இறுக்கமான பெட்டியில் பிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் நிற்கும். கூடவே கொஞ்சம் உள்ளியும். பருப்புக்கும் சொதிக்கும் பம்பாய் வெங்காயத்தை வெட்டிப் போட்டாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சம்பலுக்கு மட்டும் சின்னது வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மீனை ஞாயிறு காலையில் வாங்குங்கள், பாசையூரோ காக்கைதீவோ, எது பக்கமோ அங்கே. வெட்டுகிறவரிடம் கொடுத்தே துப்புரவாக்கி, ஒரு நேரத்துக்கு ஐந்தாறு துண்டு என்று பிரித்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, தனித்தனிப் பையில் உறைய வையுங்கள். ஒரு பெரிய கட்டியாக வைத்தால் செவ்வாய் பின்னேரம் அதோடு மல்லுக்கட்டத்தான் நேரம் சரி. சமைக்கிற நாள் விடிய வேலைக்குப் போகும் முன் ஒரு பையைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டால் பின்னேரம் பதமாக இருக்கும். குசினி மேசையில் வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். சூரை, கும்பளா மாதிரி மீன்கள் வெக்கையில் கிடந்தால் உண்டாகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, முகம் சிவந்து கடித்துத் தலையிடி வந்து “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்கிற பலருக்கு நடந்தது இதுதான்.

மா விசயம் மாதத்துக்கு ஒருதரம். சிவப்புப் பச்சையரிசியை மூன்று நான்கு மணித்தியாலம் ஊற வைத்து வடித்து மில்லில் கொடுத்து, வாசம் வந்து மா மணல்போல ஓடும்வரை வறுத்து, ஆறவிட்டு அரித்துப் போத்தலில் அடையுங்கள். கோதுமை மாவைத் துணியில் கட்டி அரை மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூட்டோடு அரித்தால் கட்டி விழாது. நேரமில்லாவிட்டால் வறுத்த மா வாங்குங்கள், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல மா விற்கிற கடை எது என்று தெரிந்தால் காணும்.

இப்போது ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம் (செவ்வாய் உங்கள் வீட்டில் சைவமென்றால் புதன்). மணி ஏழு. முதலில் இரண்டு அடுப்பிலும் தண்ணீர், ஒன்று மாக் குழைக்க, ஒன்று புட்டு அவிக்க. அது கொதிக்கிற நேரத்தில் தேங்காய்ப் பையை எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுப் பால் எடுத்துவிடுங்கள். வறுத்த அரிசிமா ஒரு கப், அவித்த கோதுமை மா ஒரு கப், உப்பு. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, ஈரம் எங்கும் பட்டதும் பேணியால் கொத்துவதுதான் வழக்கம். அந்தக் கொத்துகிற வேலைக்குத்தான் எல்லோரும் பஞ்சிப்படுவது. கிரைண்டரில் ஒரு கைப்பிடி அளவாகப் போட்டு, விட்டு விட்டு இரண்டு தரம் சுவிச்சைத் தட்டுங்கள், குறுணி குறுணியாக வந்துவிடும், கூட நேரம் ஓடவிட்டால் களியாகிவிடும், அது ஒன்றுதான் கவனம். தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியிலோ ஸ்டீமரிலோ போட்டு மூடிவிட்டால் இனி அதைப் பார்க்கத் தேவையில்லை.

புட்டு அவிகிற பத்து நிமிடத்தில் மற்ற அடுப்பில் மீன் சொதி. வெங்காயம், கீறின பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பால். கொதித்ததும் மீனைப் போட்டு ஏழு நிமிடம். வெந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலும் உப்பும், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், பொங்கக் கொதிக்கவிட்டால் பால் திரையும். தேசிக்காய்ப் புளி இறக்கின பிறகு. ஏழு நாற்பதுக்கு மேசையில் இருக்கும்.

சொதியை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரிய தொல்லை இரண்டு சமையல், எங்களுக்கு உறைப்பாக ஒன்று, அவர்களுக்கு உறைப்பில்லாமல் ஒன்று. யாழ்ப்பாணத் தூள் போட்ட குழம்பை ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், பாவம், மீனுக்கும் ருசியில்லை பிள்ளைக்கும் ருசியில்லை. சொதி என்றால் எல்லோருக்கும் ஒரு சட்டி. பச்சை மிளகாயைப் பிளக்காமல் முழுதாகப் போட்டு, பரிமாறுகிறபோது எடுத்துவிட்டால் பிள்ளைக்கும் பயமில்லை. உறைப்பு வேண்டியவர்களுக்குச் செத்தல் மிளகாய்ச் சம்பல் பக்கத்தில் இருக்கட்டும். மீன் இல்லாத நாளில் இறால், அதுவும் இல்லாவிட்டால் கொதிக்கிற சொதியில் முட்டையை உடைத்து ஒவ்வொன்றாக விடுங்கள், கலக்காமல் மூடி ஐந்து நிமிடம். அவித்து உரிக்கிற வேலையும் மிச்சம். தக்காளி போட்டால் பெரியவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கறியே வேண்டாத புட்டும் இருக்கிறது. பிசைந்த மாவோடு அரிந்த முருங்கையிலை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கழுவின சின்ன இறால், தேங்காய்ப்பூ எல்லாம் கலந்து ஒன்றாக அவித்துவிடுவது. மாவும் கீரையும் மீன் வாசமும் ஒரே பெட்டிக்குள். கழுவ வேண்டிய சட்டிகூட ஒன்றுதான். இறாலை மட்டும் சின்னதாகப் பாருங்கள், பெரிய இறால் என்றால் வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வேகாது. இதைக் கிழமைக்கு ஒருதரம் வைத்தால் கீரை சாப்பிட வைக்கிற சண்டையும் இல்லை.

கடை இடியப்பத்தைப் பற்றி நீங்கள் ஏதோ குற்றம் செய்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இடியப்ப உரலைப் பிடித்துக் கை நோக முப்பது இடியப்பம் பிழிகிற வேலையைப் பக்கத்துத் தெருவில் அவித்துக் கொடுக்கிற ஒரு அக்காவிடம் காசு கொடுத்து விட்டுவிடுங்கள், அவருக்கும் பிழைப்பு. ஆனால் அதோடு சொப்பிங் பையில் கட்டித் தருகிற சொதியையும் சம்பலையும் வாங்காதீர்கள். மத்தியானம் வைத்த பாலும் திருவின தேங்காயும் வெக்கையில் எத்தனை மணித்தியாலம் இருந்தன என்று ஒருவருக்கும் தெரியாது, சுடச்சுடப் பிளாஸ்டிக்கில் கட்டுவது வேறு. இடியப்பம் வெளியில், சொதி வீட்டில், இதுதான் என்னுடைய கணக்கு. கொத்து ரொட்டியை மாதத்துக்கு ஒருதரம் ஆசைக்கு வாங்குங்கள், நான்கு நாளுக்கு அது எண்ணெய்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் இராச்சாப்பாட்டில் மாப்பண்டம் கூட, மற்றது குறைவு. இடியப்பமும் சம்பலும் மட்டும் என்றால் பிள்ளை வயிறு நிரம்பித் தூங்கிவிடும், வளர்கிற உடம்புக்கு அது போதாது. ஆனபடியால் மூன்று கறி வைக்க முயற்சி செய்வதை விட்டுவிட்டு, ஒரு சொதியோ சம்பலோ, கூட முட்டை, பருப்பு, கடலை, மீன், நெத்தலி இவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நெத்தலிக் கருவாட்டைச் சுடுநீரில் இரண்டு தரம் கழுவி, வெங்காயத்தோடும் செத்தல் மிளகாயோடும் பொரித்தெடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. சோயாமீற்றைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு நன்றாகப் பிழிந்துவிட்டால் இறைச்சித் தூள் போட்டுப் பிரட்டல் வைக்கலாம், பிழியாமல் போட்டால்தான் அந்தப் பச்சை மணம் நிற்கும். கடலையை விடிய ஊறப் போட்டுவிட்டுப் போனால் பின்னேரம் குக்கரில் வேகும்.

பாணும் பருப்பும் இருக்கிற வீட்டில் அதையும் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தோடு பேக்கரி ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டு ஓட வேண்டியதுதான். தேங்காய்ப்பூ ரொட்டி அதைவிட நல்லது: இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு, வெட்டின வெங்காயம், குழைத்துக் கையால் தட்டித் தோசைக்கல்லில். ஆட்டா மாவோ குரக்கன் மாவோ பாதி சேர்க்கலாம். தோசைக்குச் சனி விடிய உழுந்தும் வெந்தயமும் ஊற வைத்து, பின்னேரம் அரைத்து அவித்த மாவோடு கரைத்தால் ஞாயிறு புளித்திருக்கும், உடனே பிரிட்ஜில் வைத்தால் திங்கள் இரவுக்கும் காணும்.

மரவள்ளிக்கிழங்கு மழைநாளுக்கு என்ன சுகம். அவித்துக் கட்டைச் சம்பலோடு, கருவாட்டுப் பொரியலோடு. தோலையும் நடு நாரையும் எடுத்துவிட்டு, சட்டியை மூடாமல் நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கிழங்கில் இருக்கிற நஞ்சு அப்படித்தான் போகும். இஞ்சி போட்ட எதையும் அன்றைக்குச் சேர்க்க வேண்டாம் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், நானும் சேர்ப்பதில்லை, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

மிஞ்சின புட்டை வெளியில் விடிய மட்டும் வைக்காதீர்கள். தேங்காய்ப்பூ சேர்ந்தது இந்த வெக்கையில் கெதியாகப் பழுதாகும், அதோடு சோற்றிலும் மாப்பண்டத்திலும் அவித்த பிறகும் தப்பி நிற்கிற ஒருவகை பக்டீரியா விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆவி அடங்கியதும் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில். ஒருதரம் சுடப் புட்டை அப்படியே மூடிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்து அது பிசுபிசுத்துத் திரும்பி வந்தது, அவமானம் எனக்கு. அடுத்த நாள் அந்தப் புட்டுக்கு முட்டை இரண்டு, லீக்ஸ், கரட், வெங்காயம் போட்டுச் சட்டியில் கொத்திவிட்டால் அதுவே இன்னொரு இராச்சாப்பாடு. இடியப்பத்திலும் அப்படியே.

வெள்ளிக்கிழமைக்குப் பெரிய யோசனை தேவையில்லை. பருப்பு, கத்தரிக்காய் அல்லது முருங்கைக்காய் ஒரு குழம்பு, அப்பளம், சோறு என்று முடித்துவிடலாம், மத்தியானம் சோறு பார்சலில் ஆறிப்போய்ச் சாப்பிட்டவர்களுக்கு இராவில் சுடுசோறு பெரிய விருந்து. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் சைவம் பிடிக்கிற வீடென்றால் கடலை, பயறு, சோயாமீற் மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் திருவிழாவுக்குள் பிள்ளைகள் முகம் சுளிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது ஆண்களுக்கு வருகிறேன். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். சரி, சமைக்க வேண்டாம். ஞாயிறு தேங்காய் உடைத்துத் திருவட்டும், மீன் சந்தைக்குப் போகட்டும், பின்னேரம் முதலில் வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அடுப்பில் தண்ணீர் வைக்கட்டும். எங்கள் வீட்டில் 2022இல் காஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பின மாதங்களில்தான் எங்கள் ஆள் குசினிக்குள் வந்தார், அடுப்பு மூட்ட வந்தவர் அப்படியே பருப்பும் வைக்கப் பழகிவிட்டார், இப்போது என்னைவிட நன்றாக வைக்கிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. பெரியவளுக்குப் பத்து வயது என்றீர்கள், வெங்காயம் உரித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லலாம்.

எல்லாவற்றையும் வருகிற ஞாயிறே தொடங்க வேண்டாம். முதல் கிழமை தேங்காயும் வெங்காயமும் மட்டும் செய்து பாருங்கள், அடுத்த கிழமை மீன்.

கடைசியாக, சின்னவன் சொதியைத் தொடவே மாட்டான் என்ற கவலை. தொடாவிட்டால் விடுங்கள். அவித்த முட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சுடப் புட்டில் கொஞ்சம் பாலும் சீனியும் விட்டு, ஒரு கதலி வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுங்கள், கோப்பை காலியாகும். கறுத்தக்கொழும்பான் காலம் வந்தால் வாழைப்பழமும் தேவையில்லை, மாம்பழச் சதையை வழித்துப் புட்டோடு குழைத்துவிட வேண்டியதுதான். அந்த நாட்களில் நான் பெரியவர்களுக்கும் கறி வைப்பதில்லை.